ஒருவர் குறைந்தால் எத்தனை குறையும்?

11-லிருந்து 1-ஐக் கழித்தால் 10. அந்தப் பத்துடன் 1-ஐக் கூட்டினால் மறுபடியும் 11. இதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் விளையாட்டு மைதானத்தில் இந்தக் கணக்கு சில சமயம் பொய்த்துப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஓர் அணியில் 11 பேர் ஆடுகிறார்கள். ஒருவர் காயம்பட்டு வெளியேறுகிறார். அவர் இடத்துக்கு வேறொருவர் வருகிறார். இப்போதும் 11 பேர்தான். ஆனாலும் அணி பழைய அணியாக இல்லை. போனவர் செய்துவந்த வேலை மட்டும் குறைந்திருந்தால் அதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் காயம் எதுவும் படாமல், அதே இடத்தில் நின்று, அதே திறமையோடு ஆடிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் வேலையும் சேர்ந்து குறைந்துவிடுகிறது! இது எப்படி நேருகிறது? இதற்குப் பின்னால் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நல்லதொரு நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. முதலில் அந்த நாட்டு ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்லும் ஆட்டம் நாம் ஆடும் கால்பந்து அன்று. அதில் பந்தைக் காலால் உதைப்பது அபூர்வம். கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்; அல்லது கையால் எறிவார்கள். பந்தும் உருண்டையாக இராது. இரு முனையும் கூராக, பாதாம் கொட்டையைப் பெரிதாக்கியது போல இருக்கும். அதன் எடை 400 கிராமுக்குச் சற்று அதிகம்.

மைதானத்தின் நீளம் 120 கெஜம். அதாவது சுமார் 110 மீட்டர். அகலம் சுமார் 49 மீட்டர். இரு முனைகளிலும் 10 கெஜ நீளத்துக்கு ஒரு எல்லைப் பகுதி உண்டு. எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் அது 'டச்டவுன்'. அதற்கு 6 புள்ளிகள். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் 10 கெஜமாவது முன்னேறிவிட்டால் மேலும் 4 வாய்ப்புகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

முன்னேற விரைவான வழி, பந்தை முன்நோக்கி எறிவதுதான். எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். முன்னால் ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பவருக்கு ரிசீவர் என்று பெயர். நாம் இவர்களை 'எறிபவர்', 'பிடிப்பவர்' என்றே அழைப்போம். எதிரணியினரைத் 'தடுப்பவர்' என்போம்.

இங்கே ஒரு முக்கியமான விதி உண்டு. அணியின் 11 பேரில் முன்வரிசையில் நின்று எறிபவரைக் காக்கும் 5 பேர், எறியப்பட்ட பந்தைப் பிடிக்கக் கூடாது. எறிபவர் ஒருவர். ஆக, மிஞ்சுவது 5 பேர். ஓர் ஆட்டத்தில் மிக அதிகமாக 5 பேர்தான் பந்து பிடிக்க ஓட முடியும். இந்த 5 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

2015 ஆகஸ்டு 23

விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு சிறு நகரம். மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம்தான். ஆனால் அந்த ஊரின் அணியான 'பேக்கர்ஸ்' நாடெங்கும் புகழ் பெற்றது. 2014-ஆம் ஆண்டுப் பருவத்தில் நாட்டின் தலையாய போட்டித் தொடரான நேஷனல் ஃபுட்பால் லீகில் எல்லா அணிகளையும்விட அதிகப் புள்ளிகள் குவித்தது இந்த அணியே: 16 ஆட்டங்களில் 486 புள்ளிகள்.

அப்போது அணியின் எறிபவர் ஆரன் ரோட்ஜர்ஸ். பிடிப்பவர்களில் முதன்மையானவர் ஜோர்டி நெல்சன். அந்தப் பருவத்தில் நெல்சன் 98 முறை பந்தைப் பிடித்து 1,519 கெஜம் சேர்த்தார். அவருக்கு அடுத்தவர் ராண்டல் காப். 91 முறை பிடித்து 1,287 கெஜம் சேர்த்தார்.

அடுத்த பருவம் தொடங்கும் முன்பு, 2015 ஆகஸ்டு 23 அன்று பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. அதில் நெல்சனின் வலது முழங்காலில் ஒரு நார் கிழிந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே குறுக்காகப் பிணைத்து நிற்கும் இரு நார்களில் முன்னால் இருப்பது அது. ஓடும்போது சட்டென்று திரும்பினாலும் நின்றாலும் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. அது கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் களமிறங்கப் பல மாதங்கள் ஆகும். நெல்சனால் அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியவில்லை.

அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தார். இங்கேதான் நமக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. 2014-இல் அவர் இருந்தார், 2015-இல் இல்லை, 2016-இல் மீண்டும் இருந்தார். எறிபவரோ மூன்று ஆண்டுகளிலும் ஒரே ஆள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைச் சேர்த்தும் நீக்கியும் மறுபடி சேர்த்தும் பார்ப்பதைப் போன்ற ஒரு சோதனை, யாரும் திட்டமிடாமலே மைதானத்தில் நடந்துவிட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன?

ரோட்ஜர்ஸ் அந்த மூன்று பருவங்களில் எறிந்த பந்துகளின் கணக்கு இது:

2014: எறிந்தவை 520; பிடிபட்டவை 341; சேர்ந்த கெஜம் 4,381; டச்டவுன் 38.
2015: எறிந்தவை 572, பிடிபட்டவை 347, சேர்ந்த கெஜம் 3,821, டச்டவுன் 31.
2016: எறிந்தவை 610, பிடிபட்டவை 401, சேர்ந்த கெஜம் 4,428, டச்டவுன் 40.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த கெஜத்தை எறிந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2014-இல் ஒவ்வொரு எறிக்கும் சராசரி 8.4 கெஜம் கிடைத்தது. 2015-இல் அது 6.7 ஆகக் குறைந்தது. 2016-இல் 7.3 ஆக உயர்ந்தது. நூற்றுக்கு எத்தனை பந்துகள் பிடிபட்டன என்று பார்த்தால் 2014-இல் 65.6, 2015-இல் 60.7, 2016-இல் 65.7.

2015-இல் அவர் முன்னைவிட 52 பந்துகளை அதிகமாக எறிந்தும், கிடைத்ததோ 560 கெஜம் குறைவு என்பதைக் கவனித்தீர்களா? அணியின் மொத்தப் புள்ளிகளும் 486-லிருந்து 368-க்கு இறங்கின. 2016-இல் அவை 432 ஆயின.

இன்னொன்றையும் கவனியுங்கள். அணி வென்ற ஆட்டங்களை மட்டும் எண்ணினால் 2014-இல் 12, 2015-இல் 10, 2016-இலும் 10. வெற்றிகளை மட்டும் பார்த்தவர் 2015-க்கும் 2016-க்கும் வேறுபாடே இல்லை என்று சொல்லியிருப்பார். எதை அளப்பது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் கண்ணெதிரே நடப்பதும் தெரியாமல் போய்விடும். எறிதலைப் பற்றி அறிய எறிதலைத்தான் அளக்க வேண்டும்.

இப்போது மிக முக்கியமான எண்ணுக்கு வருவோம். இரண்டாவது பிடிப்பவரான ராண்டல் காப் 2015-இலும் எல்லா ஆட்டங்களிலும் ஆடினார். நெல்சன் இல்லாததால் பந்து இவரிடம்தான் அதிகம் வரும், இவர் கணக்கு உயரும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது வேறு. 91 பிடிகள் 79 ஆயின. 1,287 கெஜம் 829 ஆயிற்று. ஒரு பிடிக்குச் சராசரி 14.1 கெஜமாக இருந்தது 10.5 ஆயிற்று. டச்டவுன் 12-லிருந்து 6-க்கு வந்துவிட்டது.

நெல்சனின் முழங்கால் கிழிந்தால் காப்பின் ஓட்டம் ஏன் குறைய வேண்டும்? இதுதான் நம் கேள்வி.

5 பேரும் 7 பேரும்

நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பந்து பிடிக்க ஓடுபவர்கள் 5 பேர். எதிரணியின் 11 தடுப்பவர்களில் பொதுவாக 4 பேர் எறிபவரை நோக்கிப் பாய்வார்கள். மீதி 7 பேர் பிடிப்பவர்களைக் கவனிப்பார்கள். ஆளுக்கொருவர் என்று 5 பேரை 5 பேர் காவல் காத்தாலும், 2 பேர் மிச்சம்.

இந்த 2 பேரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. பிடிப்பவர்களில் ஒருவர் தனியாக ஒரு காவலரை எளிதில் முந்திவிடக் கூடியவர் என்று வையுங்கள். தவறினால் நேரே எல்லைப் பகுதிக்கே போய்விடுவார். எதிரணி என்ன செய்யும்? மிச்சமுள்ள 2 பேரில் ஒருவரையாவது அவர் பக்கமாகச் சாய்த்து, ஆழத்தில் பின்னால் நிறுத்தும். சில சமயம் இருவரையுமே பின்னால் நிறுத்தும். அதனால் மற்ற 4 பேரும் பெரும்பாலும் ஆளுக்கொரு காவலரை மட்டும் சமாளித்தால் போதும்.

அந்த ஒருவரை எடுத்துவிடுங்கள். பின்னால் நிற்கும் காவலருக்கு அங்கே வேலை இல்லை. அவர் முன்னே வருவார். நேற்றுவரை ஒரே காவலரைச் சமாளித்த காப் இன்று இருவரைச் சமாளிக்க வேண்டும்.

ஆக, நெல்சன் பந்தைப் பிடித்தபோது மட்டுமா அணிக்கு உதவினார்? பந்து அவரிடம் வராதபோதும், வெறுங்கையோடு ஓடியபோதும், ஒரு காவலரைத் தம்முடன் இழுத்துச் சென்று உதவினார். அந்த ஓட்டத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. அது காப்பின் பெயரில் வரவாயிற்று.

பரப்பளவின் கணக்கு

இதையே வடிவகணித முறையில் பார்ப்போமா?

மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். எதிரணியினர் 10 மீட்டர் ஆழம் வரைதான் காக்க வேண்டும் என்றால், பரப்பு 49 × 10 = 490 சதுர மீட்டர். 7 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 70 சதுர மீட்டர். இதை ஒரு வட்டமாகக் கற்பனை செய்தால் அதன் ஆரம் ஏறக்குறைய 4.7 மீட்டர்.

ஆனால் 40 மீட்டர் ஆழம் வரை ஓடிப் பிடிக்க வல்லவர் ஒருவர் இருந்தால், காக்க வேண்டிய பரப்பு 49 × 40 = 1,960 சதுர மீட்டர். ஆளுக்கு 280 சதுர மீட்டர். வட்டத்தின் ஆரம் 9.4 மீட்டர்.

அருகில் எறியும் பந்து ஒரு விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அதைக் கண்டு காவலர் எதிர்வினை காட்டச் சுமார் 0.2 விநாடி ஆகும். மீதி 0.8 விநாடியில், விநாடிக்கு 6 மீட்டர் வீதம் ஓடினாலும் 4.8 மீட்டர்தான் போக முடியும். முதல் வட்டத்தின் எந்த மூலைக்கும் அவர் போய்விடுவார். இரண்டாவது வட்டத்தில் பாதி தூரத்துக்கு மேல் அவரால் எட்ட முடியாது. தொலைவுக்குப் போகும் பந்து கூடுதல் நேரம் காற்றில் இருக்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் உண்மை புலப்படுகிறது. ஆழமாக ஓட வல்ல ஒரே ஒருவர் மைதானத்தையே பெரிதாக்கிவிடுகிறார்! அவர் போனதும் மைதானம் சுருங்கிவிடுகிறது.

இருக்கும் இடத்துக்கு எறியாதே

இன்னொரு காரணம் காலத்தைப் பற்றியது. நன்றாக எறியப்பட்ட பந்தின் தொடக்க வேகம் விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் என்று கொள்வோம். 40 கெஜத் தொலைவுக்கு, அதாவது 36.6 மீட்டருக்கு எறிய வேண்டும். காற்றின் தடையை விட்டுவிட்டு, எறிபொருள் இயக்கத்துக்கான சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், தரையுடன் ஏறக்குறைய 17.5 பாகைக் கோணத்தில் எறிய வேண்டும். பந்து சுமார் 1.5 விநாடி காற்றில் இருக்கும்.

இந்த 1.5 விநாடியில் பிடிப்பவர் சும்மா நிற்பாரா? விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடினால் 13.5 மீட்டர் கடந்துவிடுவார். எனவே எறிபவர், பிடிப்பவர் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்து எறியக் கூடாது. 13.5 மீட்டர் முன்னால், யாருமே இல்லாத வெற்றிடத்துக்கு எறிய வேண்டும். அங்கே அவர் வந்து சேருவார் என்ற நம்பிக்கையில் எறிய வேண்டும்.

புதிதாக வந்தவர் விநாடிக்கு அரை மீட்டர் மட்டும் மெதுவாக ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 விநாடியில் வேறுபாடு 75 சென்டிமீட்டர். பந்து விரல் நுனியைத் தாண்டிப் போய்விடும். வந்தவர் திறமையற்றவர் என்பதில்லை. எறிபவரின் கைக்குப் பழகிப்போன கணக்கு வேறு ஓர் ஆளின் வேகத்துக்கானது, அவ்வளவுதான்.

ரோட்ஜர்ஸும் நெல்சனும் 2008 முதல் சேர்ந்து ஆடியவர்கள். அவர்களிடையே ஓர் அழகான உத்தி இருந்தது. காவலர் நெல்சனுக்கு முன்னால் ஓடி வழியை மறித்தால், ரோட்ஜர்ஸ் வேண்டுமென்றே பந்தை நெல்சனின் பின்தோள் பக்கமாக எறிவார். நெல்சன் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தி, உடலைத் திருப்பிப் பிடிப்பார். காவலரோ தம் வேகத்தில் முன்னே போய்விடுவார். இதற்கு முன்கூட்டிச் சைகை ஏதும் கிடையாது. இருவரும் ஒரே கணத்தில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். இப்படிப்பட்ட இசைவு ஒரு வாரப் பயிற்சியில் வருமா?

அணியும் இதை உணர்ந்திருந்தது போலும். 2015 செப்டம்பரில், முன்பு தங்களுடன் பல ஆண்டுகள் ஆடிய ஜேம்ஸ் ஜோன்ஸ் என்பவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 31 வயதான அவர் அந்தப் பருவத்தில் 50 பிடிகளில் 890 கெஜம் சேர்த்தார். சராசரி 17.8 கெஜம். அந்த ஆண்டு அணியில் அதிக கெஜம் சேர்த்தவர் அவரே. ரோட்ஜர்ஸின் கையை அறிந்தவர் அல்லவா!

கை ஓய்ந்ததா?

2015 பருவத்தின் முதல் 6 ஆட்டங்களிலும் பேக்கர்ஸ் வென்றது. குறை உடனே வெளியே தெரியவில்லை. ஆனால் எதிரணிகள் பழைய ஆட்டங்களின் படச்சுருளைப் பார்த்துப் பாடம் கற்பவை. இந்தப் பிடிப்பவர்களை ஆளுக்கொரு காவலர் நெருங்கி நின்றே அடக்கிவிடலாம் என்று கண்டுகொண்டன. நவம்பர் 1 அன்று டென்வர் நகரின் 'பிராங்கோஸ்' அணியிடம் பேக்கர்ஸ் 29-10 என்று தோற்றது. அன்று ரோட்ஜர்ஸ் எறிந்து பெற்றது வெறும் 77 கெஜம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. எறிபவருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2.5 விநாடி. பிடிப்பவர் தம் காவலரைவிட விநாடிக்கு 0.5 மீட்டர் வேகமாக ஓடினால், 2.5 விநாடியில் 1.25 மீட்டர் இடைவெளி கிடைக்கும். பந்தை நுழைக்க அது போதும். வேறுபாடு 0.2 மீட்டர்தான் என்றால் இடைவெளி 50 சென்டிமீட்டர். காவலர் கையை நீட்டியே தட்டிவிடுவார். எறிபவர் யாருக்கும் எறிய முடியாமல் பந்தை வைத்துக்கொண்டே நிற்பார். அதற்குள் 4 பேர் பாய்ந்து வந்து அவரை வீழ்த்திவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு எறிபவர் தடுமாறுவதாகவே தோன்றும்.

"ரோட்ஜர்ஸுக்கு என்ன ஆயிற்று? கை ஓய்ந்துவிட்டதா?" என்று அந்நாளில் பலரும் பேசினார்கள். அதற்கு விடை டிசம்பர் 3 அன்று டெட்ராய்ட் நகரில் கிடைத்தது. ஆட்ட நேரம் முழுவதும் முடிந்து, கடைசி வாய்ப்பு ஒன்றே பாக்கி. பேக்கர்ஸ் 2 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ரோட்ஜர்ஸ் பந்தை மிக உயரமாக, 60 கெஜத்துக்கும் மேற்பட்ட தொலைவுக்கு எறிந்தார். எல்லைப் பகுதியில் கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவே சக வீரர் ஒருவர் எம்பிப் பிடித்தார். ஆட்டம் 27-23 என்று வெற்றியில் முடிந்தது. கையில் வலு இருந்தது. குறைந்திருந்தது வலு அன்று என்பது தெளிவாயிற்று.

கடற்கரையில் ஒரு சோதனை

ஒன்றை நீக்கிப் பார்த்து அதன் பங்கை அறிவது அறிவியலில் பழகிய முறை. 1960-களில் ராபர்ட் பெயின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர், வாஷிங்டன் மாநிலத்துக் கடலோரப் பாறைகளில் ஒரு சோதனை செய்தார். ஒரு பாறைப் பகுதியில் மட்டும் ஒருவகை நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்தினார். அருகிலிருந்த பகுதியை அப்படியே விட்டுவிட்டார்.

நட்சத்திர மீன்கள் கடல்சிப்பிகளைத் தின்பவை. அவை போனதும் சிப்பிகள் பெருகிப் பாறை முழுவதும் பரவி, மற்ற உயிர்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. முதலில் அங்கே இருந்த 15 வகை உயிர்களில் 8 மட்டுமே எஞ்சின. நீக்கியது ஒன்றே, மறைந்தவை பல. கல் வளைவின் உச்சியில் உள்ள ஆப்புக் கல்லை உருவினால் மற்ற கற்களும் சரிந்துவிடும் அல்லவா? அதனால் இத்தகைய உயிரினத்தை வளைவின் உச்சிக்கல்லுக்கு ஒப்பிட்டு, 1969-இல் அப்படியே பெயரிட்டார் பெயின்.

நெல்சனும் தம் அணிக்கு ஓர் உச்சிக்கல் என்று சொல்லிவிடலாமா?

அவசரத் தீர்ப்பு வேண்டாம்

பொறுங்கள். பெயின் செய்த சோதனைக்கும் பேக்கர்ஸ் கதைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பெயின் மாற்றியது ஒன்றை மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க அருகிலேயே மாற்றப்படாத ஒரு பகுதியும் அவருக்கு இருந்தது. பேக்கர்ஸ் அணியிலோ 2015-இல் வேறு சிலவும் மாறின. அதுவரை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உத்தி வகுத்த தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி அந்த ஆண்டு அப்பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார். டிசம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டார். எறிபவரைக் காக்கும் முன்வரிசையினர் சிலரும் காயத்தால் சில ஆட்டங்களில் ஆடவில்லை. காப்புக்கும் பருவம் தொடங்கும் முன்பே தோளில் காயம் பட்டிருந்தது. இவையும் ஓரளவு காரணமாக இருக்கலாம்.

2016-ஐயும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நெல்சன் திரும்பி வந்து 97 பிடிகளில் 1,257 கெஜமும் 14 டச்டவுன்களும் எடுத்தார். காயத்திலிருந்து மீண்டு வந்த சிறந்த வீரருக்கான விருதும் பெற்றார். ஆனால் அவரது சராசரி 15.5 கெஜத்திலிருந்து 13 ஆகக் குறைந்திருந்தது. காப்போ மீண்டும் காயங்களால் சில ஆட்டங்களில் ஆட முடியாமல், 60 பிடிகளில் 610 கெஜம் மட்டுமே சேர்த்தார். நெல்சன் வந்ததும் காப் பழைய காப் ஆகிவிடவில்லை. மறுபக்கம், டவான்டே ஆடம்ஸ் என்ற இளைஞரின் சராசரி 9.7-லிருந்து 13.3 ஆக உயர்ந்தது. அது நெல்சன் தந்த இடத்தாலா, அந்த இளைஞர் தாமே வளர்ந்ததாலா? இரண்டுமாக இருக்கலாம்.

எனவே நாம் சொல்லக்கூடியது இதுதான்: நெல்சன் இல்லாதது ஒரு பெரிய காரணம், ஒரே காரணம் என்று எண்கள் நிரூபிக்கவில்லை. நமக்குப் பிடித்த விடைக்கு எதிரான எண்களையும் மறைக்காமல் எழுதிவைப்பதுதான் அறிவியல் மனப்பான்மை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு சோதனை செய்யலாம். ரப்பர் பந்து ஒன்று போதும். எறிபவர் 1, பிடிப்பவர்கள் 2, தடுப்பவர்கள் 3 என்று நில்லுங்கள். பிடிப்பவர்களில் ஒருவர் வகுப்பிலேயே மிக வேகமாக ஓடுபவராக இருக்கட்டும். அவரை முருகன் என்றும் மற்றவரைச் சேகர் என்றும் வைத்துக்கொள்வோம். எறிபவர் 3 எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும்.

முதலில் 20 முறை எறியுங்கள். அதில் சேகருக்கு எறிந்தவை எத்தனை, அவன் பிடித்தவை எத்தனை என்று மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முருகனை வெளியே அமர்த்தி, மெதுவாக ஓடும் ஒருவனைச் சேர்த்து 20 முறை எறியுங்கள். மறுபடி முருகனைச் சேர்த்து 20 முறை எறியுங்கள். என்ன சோதிக்கிறீர்கள் என்பதைத் தடுப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்களுடைய ஆட்டமே மாறிவிடும். மூன்றாவது சுற்றில் எல்லாரும் களைத்திருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே நன்றாக ஓய்வெடுங்கள்.

சேகரின் எண்ணிக்கை நடுச்சுற்றில் குறைகிறதா? குறைந்தால், சேகர் அந்தச் சுற்றில் மட்டும் திறமை குறைந்துபோனானா? நீங்களே விடை சொல்லுங்கள்.

இந்தப் பாடம் மைதானத்தோடு முடிவதில்லை. ஒரு கூட்டு வேலை நன்றாக நடக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒருவருக்கே மாலை விழுகிறது. அது தடுமாறும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒருவர் மீதே பழியும் விழுகிறது. 2015-இல் பந்து யார் கையிலிருந்து புறப்பட்டதோ அவர் மீதே எல்லார் பார்வையும் இருந்தது. மைதானத்துக்கு வெளியே, கட்டுப்போட்ட காலுடன் இருந்தவர் எத்தனை பேருக்கு இடம் ஒதுக்கித் தந்தவர் என்பது அவர் இல்லாதபோதுதான் தெரிந்தது.

அடுத்த முறை உங்கள் அணி தோற்றால், கோல் அடிக்கத் தவறியவனையோ பந்தைக் கோட்டை விட்டவனையோ ஏசுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள். இன்று யார் வரவில்லை? அவன் இருந்திருந்தால் எதிரணியில் எத்தனை பேர் அவன் பின்னால் ஓடியிருப்பார்கள்?

சிந்திக்கச் சில கேள்விகள்

1. பந்தின் வேகம் விநாடிக்கு 20 மீட்டராகக் குறைந்தால், 36.6 மீட்டர் போக அது எத்தனை விநாடி காற்றில் இருக்கும்? அதற்குள் விநாடிக்கு 9 மீட்டர் ஓடுபவர் எவ்வளவு தூரம் போவார்?

2. எதிரணி 4 பேருக்குப் பதிலாக 6 பேரை எறிபவர் மீது பாயச் செய்தால், பிடிப்பவர்களைக் காக்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? இதில் எதிரணிக்கு லாபம் என்ன, நஷ்டம் என்ன?

3. நெல்சன் 2014-இல் சேர்த்த 1,519 கெஜத்தை அணியின் கணக்கிலிருந்து கழித்துவிட்டால், அவரது பங்கு முழுவதும் கழிந்துவிடுமா? உங்கள் விடைக்குக் காரணம் எழுதுங்கள்.